எய்தவன் இருக்க…

(உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டிக் கண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாளையோ மறுநாளோ இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி வரும். அதன் தலையில் ‘கண்டி நிருபர்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பின்வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் அந்த மனிதருக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆனாலும் பத்திரிகைக்கு அவர் ஒரு ஊரின் பெயர்தான். அவரைப் போன்ற பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு மட்டும்தான் காசு. காலையில் பாடசாலையிலோ கடையிலோ வேலை, மாலையில் செய்தி. மண்சரிவு, பாதை மறியல், லயத்துக் கூரை பறந்தது, பிரதேச சபையின் குத்தகைச் சண்டை எல்லாம் அவர் வழியாகத்தான் நமக்கு வருகின்றன. இன்றைய என் பேச்சு அவரைப் பற்றியது.

பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் நமக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் நினைவுக்கு வரும். காரணம் உண்டு. இரத்தம் அதிகம் சிந்தியது அங்கேதான். கண்டியில் அப்படி என்ன நடந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். இந்த மலைகளைச் சுற்றி நடந்த நாலு சம்பவங்களைச் சொல்கிறேன். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. நாலிலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நான் சொல்லப்போகும் கதைகளில் நோகப்பட்டவர் அம்புகூட இல்லை. ‘ஐயா, இங்கே ஓர் அம்பு பாய்ந்திருக்கிறது’ என்று சொன்னவர்.

முதல் சம்பவம் 1848இல். தேசாதிபதி டொரிங்டன் பிரபு வரிமேல் வரி போட்டார். நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி. இவை போதாதென்று ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் இறங்கி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம். அந்த ஜூலை மாதம் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. உங்களைக் கேட்காமல் போட்ட வரி இது, அமைதியாக எதிர்த்து நில்லுங்கள் என்பது அதன் சாரம். பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட், அயர்லாந்தைச் சேர்ந்த வைத்தியர். கடிதம் சிங்களத்துக்குப் போனது, ஊர் ஊராகப் பரவியது. அந்த மாத இறுதியில் மாத்தளையிலும் குருநாகலையிலும் கிளர்ச்சி வெடித்தது.

கிளர்ச்சி அடக்கப்பட்ட விதத்தை நீங்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி இதே கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஒரு பிக்குவைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். பிறகு தேசாதிபதி காரணம் தேடினார். நாய் வரியில் அவருக்குக் காரணம் தெரியவில்லை, தெருவேலைச் சட்டத்திலும் தெரியவில்லை. எலியட்டின் பத்திரிகையில்தான் தெரிந்தது. டொரிங்டனின் கடிதங்களில் பழி ‘ஒப்சேவர்’ பக்கம் சாய்ந்தது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது காற்று மாறியது. டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். எலியட் பல ஆண்டுகள் பத்திரிகை நடத்தி, பின்னர் இந்த நாட்டின் அரச மருத்துவத் துறைக்கே தலைமை அதிகாரியானார்.

எலியட் வெள்ளைக்காரர், அதனால் தப்பினார் என்று நீங்கள் நினைத்தால் அதை மறுக்க மாட்டேன். செய்தி சொல்பவரின் பாதுகாப்பு அவர் யார் என்பதைப் பொறுத்திருக்கிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அடுத்த கதைக்குப் போகுமுன் இந்த ஊருக்குரிய ஒரு பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்திலெவ்வை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தமிழ் நாவலின் முதற் தலைமுறையைச் சேர்ந்த ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவரும் அவர்தான். பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று எழுதி, தன் சமூகத்திடமே வசை வாங்கியவர். அரசாங்கம் மட்டுமே பத்திரிகைக்காரனை மிரட்டுகிறது என்று யாரும் எண்ண வேண்டாம். சொந்தத் தெருவும் மிரட்டும்.

இரண்டாவது கதை தேயிலைத் தோட்டத்து வாசலில் நடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யருக்குத் தோட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தோட்டம் ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு. துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. உறவுக்காரனைப் பார்க்க வந்தவனுக்கே அந்த நிலை என்றால் பத்திரிகைக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? நடேசய்யர் தோளில் ஒரு புடைவைப் பொதியைத் தூக்கிக்கொண்டார். புடைவை வியாபாரியாக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போனார். சேலையை விரித்துக்கொண்டே சம்பளம் கேட்டார், கடன் கேட்டார், கங்காணியின் பிடித்தம் கேட்டார். கேட்டதை எழுதினார்.

பிறகு ‘தேசநேசன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். 1924இல் ‘தேசபக்தன்’ வந்தது. அவரது துணைவி மீனாட்சி அம்மாள் பத்திரிகையிலும் மேடையிலும் சம பங்காளி. தொழிலாளரின் துயரைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தானே பாடியவர். 1931இல் அட்டனில் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அந்தச் சங்கத்துக்கு வேர் போட்டது அந்தப் பத்திரிகைதான். தோட்டத்துரைமார் நடேசய்யரைக் கிளர்ச்சிக்காரர் என்றார்கள். தொழிலாளிக்குத் தன் கூலி குறைவு என்பது அவர் சொல்லித்தான் தெரியவந்தது என்பது அவர்கள் எண்ணம்! கொழுந்துக் கூடையைத் தினமும் முதுகில் சுமப்பவளுக்கு அதன் பாரத்தை ஒரு பத்திரிகை வந்தா சொல்லித்தர வேண்டும்?

மூன்றாவது கதை இங்கிருந்து சிறிது தூரத்தில், மடுல்கலையில் தொடங்குகிறது. மார்க் அன்டனி பிரேஸ்கேர்டில் ஓர் இளைஞர். இங்கிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலை வேலை பழக ‘ரெலுகாஸ்’ தோட்டத்துக்கு வந்தார். சின்னத்துரையாக வந்தவர் லயத்தைப் பார்த்தார், தொழிலாளரோடு பேசினார், வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் பெரிய கூட்டம். இந்தியாவிலிருந்து விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். அங்கே பிரேஸ்கேர்டில் எழுந்து, தான் உள்ளே இருந்து பார்த்ததைப் பேசினார். ஒரு வெள்ளைக்காரரே வெள்ளைக்காரத் துரைமாரைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் முன்னால் பேசினால் அந்தக் காலத்தில் அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லித் தேசாதிபதி ஸ்டப்ஸ் போட்ட உத்தரவு ஏப்ரல் 22ஆம் திகதி அவர் கைக்கு வந்தது. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நடுவில் மேடையேறிப் பேசிவிட்டு, பொலிஸ் பார்த்துக்கொண்டிருக்க மறைந்தே போனார். பின்பு அவர் கைதானார், அவருக்காக ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மே 18ஆம் திகதி தீர்ப்பு: ஒரு மனிதன் தன் பேச்சுரிமையைப் பயன்படுத்தினான் என்பதற்காக அவனை நாடுகடத்த தேசாதிபதிக்கு அதிகாரம் இல்லை. அந்நிய ஆட்சியின் நீதிமன்றம், அந்நிய ஆட்சியின் தேசாதிபதியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

இந்த வழக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம், அந்த மனிதர் தப்பிய வழி. வீடு கொடுத்தவர் ஒருவர், வாகனம் ஓட்டியவர் ஒருவர், வழக்குப் பேசியவர் ஒருவர், மேடையைச் சுற்றி நின்றவர் பல்லாயிரம். அவரைக் காப்பாற்றியது ஒரு கூட்டு வேலை.

நாலாவது கதை நம் காலத்தது. இங்குள்ள பலர் அதை வாழ்ந்தவர்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கட்டுக்கதை கிளம்பியது. அது முகநூலில் ஓடியது, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அதே நாள்களில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் அடிபட்ட லொறிச் சாரதி, மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அந்த மரணத்தைச் சாக்காக வைத்து முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது, திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம். மறுநாள் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. முகநூல் திரும்பி வரும்போது மார்ச் 15.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வதந்தி கொல்லும். முகநூல் நிறுவனம் சிங்களத்தில் ஓடிய வெறுப்பைக் கவனிக்காமல் விட்டது. 2020இல் அதுவே வருத்தம் தெரிவித்தது. ஆகவே முடக்கியது முழுத் தவறு என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: முடக்கம் வந்த அந்த இரவுகளில், பொய் பரப்பியவனின் வாய் மட்டுமா அடைபட்டது? ஊரடங்குக்குள் ‘எங்கள் தெருவில் நிற்கிறார்கள், உதவி அனுப்புங்கள்’ என்று சொல்ல வேண்டியவனின் வாயும் அடைபட்டது. கலவரத்தில் பொலிஸார் சிலரும் அரசியல்வாதிகள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள் என்ற குற்றச்சாட்டைக் கண்காணிப்புக் கமராப் பதிவுகளைத் தேடியெடுத்து எழுதியது ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம். அந்த வேலையை நம் ஊர் நிருபர் பயமில்லாமல் செய்திருக்க முடியுமா? ஊர் நிருபர் வாய் மூடியிருக்கும் இடத்தில்தான் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

அதன் பின் இரண்டு ஆண்டு. 2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடலையும் எரிக்க வேண்டும் என்ற பிடிவாதம் தொடங்கிய நேரம். கட்டுகஸ்தோட்டையில் ரம்ஸி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர், சிங்களத்தில் முகநூலில் எழுதிவந்தார். இனவாதத்துக்கு எதிராகவும் எழுதுவார், தன் சமூகத்தின் குறைகளைப் பற்றியும் எழுதுவார். வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகக் கருத்தால் போராட வேண்டும், பேனாவும் விசைப்பலகையும்தான் ஆயுதம் என்ற பொருளில் ஒரு பதிவு. கருத்துப் போராட்டம் என்பதற்கு அவர் பயன்படுத்திய சொல் ‘ஜிஹாத்’. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9ஆம் திகதி குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வந்து ஒருவரைக் கைது செய்தது. யாரை? முறையிட்டவரை!

அவர் மேல் பாய்ச்சிய சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007. உரிமையைக் காக்க வந்த சட்டம். வெறுப்புப் பேச்சைத் தடுக்க அதில் ஒரு பிரிவு இருக்கிறது. வெறுப்பைக் கண்டித்தவரை உள்ளே தள்ள அதையே எடுத்தார்கள். நோயாளியான அந்த மனிதர் ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். செப்டெம்பரில்தான் பிணை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது சட்டவிரோதமானது, அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

1937இல் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்கூடத் தேவைப்படவில்லை. 2020இல் கைதான கட்டுகஸ்தோட்டைக்காரருக்கு மூன்றரை ஆண்டு ஆனது. நீதி கிடைத்தது என்று மகிழ்வதா, அந்த மூன்றரை ஆண்டில் இவரைப் பார்த்து எத்தனை பேர் தங்கள் பதிவைப் பேசாமல் அழித்திருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பதா? ஒருவரைச் சிறையில் போட்டால் நூறு பேரின் பேனா தானாக மூடிக்கொள்ளும். கைதின் நோக்கமே அதுதான்.

நாலு கதையும் முடிந்தன. இனி மலையைவிட்டு இறங்கிச் சற்று வெளியே பார்ப்போம். நம் நாட்டுப் பத்திரிகையாளர்கள் ‘கறுப்பு ஜனவரி’ என்று ஒரு மாதத்தைச் சொல்வார்கள். பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க சுட்டுக் கொல்லப்பட்டது 2009 ஜனவரி 8. அதற்கு இரண்டு நாள் முன்புதான் சிரச தொலைக்காட்சி நிலையம் தாக்கப்பட்டது. ஜனவரி 24 என்ற திகதியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அந்த நாளில் திருகோணமலையில் ‘சுடர் ஒளி’ நிருபர் சுகிர்தராஜன் கொல்லப்பட்டார். 2010இல் அதே நாளில் கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனார். அவர் மனைவி சந்தியா இன்றுவரை நீதிமன்றப் படியேறி இறங்குகிறார். 2024இல் அதே ஜனவரி 24ஆம் திகதிதான் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எது பொய், எது மெய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு ஒன்றுக்கு அது வழி செய்தது.

சுகிர்தராஜன் செய்த குற்றம் என்ன? 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்தது என்றார்கள் அதிகாரிகள். சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அம்பு எங்கே பாய்ந்தது என்று காட்டினார். மூன்று வாரத்தில் அவரே பிணமானார். மாணவர்களைச் சுட்டவரும் தண்டிக்கப்படவில்லை, அவரைச் சுட்டவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு மே 3ஆம் திகதி, யுனெஸ்கோ உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளைக் கொழும்பில் கொண்டாடியது. அதற்கு முந்திய இரவு யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

உலகமும் வேறு மாதிரி இல்லை. பத்திரிகையாளர் கொலைகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் கொலையாளி தண்டிக்கப்படுவதே இல்லை என்று யுனெஸ்கோ ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறது. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பின் இருநூறுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் மாண்டார்கள். வெளிநாட்டு நிருபர்கள் சுயமாக உள்ளே போகத் தடை என்பதால், செத்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் அந்த ஊர் நிருபர்களே. இந்தியாவில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற இளம் நிருபர், சாலை ஒப்பந்தமொன்றில் நடந்த ஊழலை வெளிக்கொண்டுவர உதவினார். 2025 ஜனவரியில் அவர் உடல் ஓர் ஒப்பந்தக்காரருக்குச் சொந்தமான இடத்தில், மலக்குழிக்குள் கிடந்தது. ஒரு சாலை! சர்வதேச இரகசியம் எதுவும் இல்லை, நம் பிரதேச சபைச் சாலை மாதிரி ஒரு சாலை. தலைநகர நிருபரை வெளிநாட்டுத் தூதரகத்துக்குத் தெரியும். ஊர் நிருபரை எதிராளிக்குத்தான் தெரியும். எந்த பஸ்ஸில் வருவார், பிள்ளை எந்தப் பள்ளி, எல்லாமே தெரியும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? பெரிய தீர்மானங்களை நிறைவேற்ற நான் இங்கே வரவில்லை. சில சின்ன வேலைகளைச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு பாதைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க நிருபர் அட்டை தேவையில்லை. நீங்கள் கேட்கலாம், உங்கள் ஆசிரியர் கேட்கலாம், கோயில் தர்மகர்த்தா கேட்கலாம். பதினான்கு வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். ஒரே கேள்வியை ஊரில் பத்துப் பேர் கேட்டால், எந்த ஒருவரின் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

நிருபரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டால் தனியே அனுப்பாதீர்கள். ஒரு சட்டத்தரணியோ ஒரு மதகுருவோ கூடப் போகட்டும். அவர் எழுதியது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் போகட்டும். அப்போதுதான் அது உண்மையான பரீட்சை. சித்திலெவ்வையை வைத தெருவாக நாம் இருக்க வேண்டாம்.

வட்ஸ்அப்பில் தீ மூட்டும் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் உங்கள் ஊர் நிருபரை அழைத்துக் கேளுங்கள். அந்த ஒரு அழைப்பு அவருக்கு ஒரு மரியாதை, ஊருக்கு ஒரு காவல்.

முடிக்கும்போது எனக்கு மறுபடியும் நடேசய்யரின் புடைவைப் பொதிதான் கண்ணுக்குள் நிற்கிறது. இதை வரலாற்றில் படித்ததாகச் சொல்லவில்லை, என் ஊகமாகச் சொல்கிறேன். எந்தப் புடைவைக்காரனும் சேலையின் விலையைச் சொல்லாமல் உன் கூலி எவ்வளவு என்று கேட்க மாட்டான். லயத்துப் பெண்களுக்கு அது விளங்காமலா இருந்திருக்கும்? யாரோ ஒரு அம்மா, இவர் வேறு ஆள் என்று கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்தும் கங்காணி காதில் போடாமல், ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பொதியை இஸ்தோப்பில் இறக்கி வையுங்க என்று சொல்லியிருப்பார்.

பின்வரிசையில் இருக்கும் நம் கண்டி நிருபருக்கும் பொதி கனக்கிறது. இறக்கி வைக்க அவருக்கு உங்கள் வீட்டில் ஓர் இஸ்தோப்பு இருக்கட்டும்.